மனைவியின் பிரசவத்தில் கணவனுக்கு என்ன வேலை? ஓர் எளிய அறிமுகம்

பரிசோதனை நாளன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். உள்ளே பெஞ்சில் கர்ப்பிணிகள், பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ. கணவர்கள் வெளியே மரத்தடியில் வண்டியில் சாய்ந்து நிற்கிறார்கள். உள்ளே செவிலியர் சொல்கிறார்: "தலைவலி விடாம இருந்தா, கண்ணு மங்கலா தெரிஞ்சா, ராத்திரின்னு பாக்காம உடனே வந்துடணும்மா." அந்தப் பெண் தலையாட்டுகிறார். சில வாரம் கழித்து நள்ளிரவில் அந்தத் தலைவலி வருகிறது. வண்டிச் சாவியும் பணமும் கணவர் கையில். செவிலியர் சொன்னது அவர் காதில் விழுந்ததே இல்லை. "தைலம் தேய்ச்சுட்டுப் படு, காலையில பாத்துக்கலாம்" என்கிறார். பாசத்துக்குக் குறைவில்லை, விஷயம்தான் தெரியவில்லை. ரத்த அழுத்தம் ஏறியதால் வந்த தலைவலி என்றால் விடிவதற்குள் வலிப்பு வந்துவிடலாம்.

தாய்சேய் நலத்தில் ஆண்களின் பங்கேற்பு என்று மருத்துவத் துறையில் பேசப்படும் கருத்து இந்த இடைவெளியை அடைப்பதற்கானது. கருத்தரிப்பதற்கு முன், கர்ப்ப காலத்தில், பிரசவத்தின்போது, குழந்தை பிறந்த பிறகு, அடுத்த குழந்தை எப்போது அல்லது வேண்டாம் என்று முடிவெடுக்கும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கணவருக்கென்று தனி வேலைகள் இருக்கின்றன. அவற்றில் சில அவர் உடம்பிலேயே செய்ய வேண்டியவை. அதை மனைவியோ மாமியாரோ அவருக்காகச் செய்ய முடியாது.

கெய்ரோவில் 1994-இல் ஐ.நா. நடத்திய மக்கள்தொகை மாநாட்டில்தான் இது உலக அளவில் கொள்கையாக எழுதப்பட்டது. அதுவரை குடும்ப நலம் என்றாலே பெண்ணிடம் மட்டும் பேசுவது என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆண்களை ஈடுபடுத்தச் சொன்னது, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: பெண்ணின் விருப்பத்தையும் அவள் தானாக முடிவெடுக்கும் உரிமையையும் அது குறைத்துவிடக் கூடாது. இந்த நிபந்தனையை மறந்தால் பங்கேற்பு அதிகாரமாக மாறிவிடும். கட்டுரை நெடுக அது திரும்பத் திரும்ப வரும்.

பிரசவத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்பதை விளக்க 1994-இல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 'மூன்று தாமதங்கள்' என்று ஒரு கணக்கு சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது மருத்துவமனையின் பொறுப்பு. முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டைச் சார்ந்தவை, அந்த வீட்டில் முடிவெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் கணவர் இருக்கிறார். காத்மாண்டுவில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கர்ப்பிணிக்கு மட்டும் அறிவுரை சொன்ன குழுவைவிட, கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்ன குழுவில் பிரசவத்துக்கு முன்னேற்பாடு செய்ததும், பிரசவத்துக்குப் பின் பரிசோதனைக்கு வந்ததும் அதிகம். சொன்ன விஷயம் ஒன்றுதான், கேட்ட காதுகள்தான் கூடுதல்.

இனி வருவதைக் கணவரைப் பார்த்துச் சொல்வதாகவே எழுதுகிறோம்.

முதலில் உங்கள் உடம்பு

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியும் கரு நிற்கவில்லை என்றால், நம் வீடுகளில் முதலில் மருத்துவரிடம் அனுப்பப்படுவது பெண். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புக்கான எக்ஸ்ரே என்று வலியும் செலவும் அவளுக்கு. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனையோ சில நூறு ரூபாயில் ஒரே நாளில் முடிகிற விந்துப் பரிசோதனை. நியாயமாகப் பார்த்தால் அதுதான் முதலில் நடக்க வேண்டும்.

இந்தச் சோதனை தவறாகப் போவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் விதத்தில்தான். சோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். 2 நாளுக்குக் குறைந்தால் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், 7 நாளைத் தாண்டினால் அசைவு குறைந்து தெரியும். லேப் கொடுக்கும் டப்பாவிலேயே, ஒரு சொட்டும் சிந்தாமல் எடுக்க வேண்டும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம், அது சிந்தினால் முடிவு பொய்யாகிவிடும். கடையில் வாங்கும் ஆணுறையில் எடுக்கக் கூடாது, அதன் வழவழப்புப் பொருள் அணுக்களைப் பாதிக்கும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது கீழ் எல்லை. அளவு 1.4 மில்லி லிட்டர், அசையும் அணுக்கள் 42 சதவீதம். இதற்குக் கீழே வந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம், ஒரு முறை வந்த முடிவை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று மாதம் முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய முடிவில் தெரியும். சிகரெட், குட்கா, ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசி, நாள் முழுக்க அடுப்பு அனலில் நிற்கும் வேலை இவையெல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும். விரைப்பையில் ரத்தக்குழாய் சுருண்டு வீங்கும் வேரிகோசீல் இருக்கிறதா என்பதை மருத்துவர் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடுவார்.

கரு நின்ற பிறகும் உங்கள் ரத்தத்துக்கு வேலை இருக்கிறது. மனைவி நெகட்டிவ் ரத்த வகை என்றால் மருத்துவர் உடனே உங்கள் வகையைக் கேட்பார். நீங்களும் நெகட்டிவ் என்றால் கவலையில்லை. நீங்கள் பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம், அப்போது தாயின் உடம்பு அடுத்த குழந்தையின் ரத்தத்தை எதிர்க்கும் பொருளைத் தயாரித்துவிடலாம். அதைத் தடுக்க 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. மனைவிக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு இருப்பது தெரிந்தால் உங்களுக்கும் அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்யப்படுகிறது. கணவருக்கும் செய்யச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. உடலுறவால் பரவும் சிபிலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு பென்சிலின் ஊசி போட்டுக் குணமாக்கிவிட்டார்கள், கணவருக்குப் போடவில்லை என்று வையுங்கள். அடுத்த உறவிலேயே கிருமி திரும்பி வந்துவிடலாம். வயிற்றிலேயே குழந்தை இறப்பதற்கு சிபிலிஸ் ஒரு முக்கியக் காரணம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இந்தச் சோதனை இலவசம், முடிவு ரகசியமாக இருக்கும்.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் விந்தணு கொண்டுவரும் குரோமோசோம். பெண் குழந்தை பிறந்ததற்கு மனைவியைக் குறை சொல்ல உயிரியலில் இடமே இல்லை.

கர்ப்ப காலம்: இரும்புச்சத்து மாத்திரையிலிருந்து தொடங்கலாம்

ஆண்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால் 'அன்பாக இருங்கள், சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று யாருக்கும் புரிவதில்லை. அதனால் ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்வோம்.

நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கும். அரசு நிலையத்தில் இலவசம். ஆனாலும் பல வீட்டில் பாதி அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் ஆகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. குமட்டலுக்கு, ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும் நேரத்தில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். காபி, டீ குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்துப் போடவே கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் காலை, மதியம் சாப்பாட்டோடு ஒவ்வொன்று, இரும்பு ராத்திரி என்று பிரித்துக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் அது நன்றாகச் சேரும்.

இதில் உங்கள் வேலை: ராத்திரி அந்த மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்துக் கொடுப்பது, அட்டை தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே அடுத்ததை வாங்கி வருவது. சின்ன வேலைதான். ஆனால் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் ஆரோக்கியமான பெண் தாங்கிக்கொள்வாள், 7-இல் இருப்பவளுக்கு அது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு அவளைக் காப்பாற்றுவது ஆறு மாதம் தினமும் நீங்கள் நீட்டிய அந்த டம்ளர்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை அவள் சாப்பிடும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்தும் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். 'நீயும் உட்காரு' என்று சொல்லி முட்டையும் கீரையும் முதலில் அவள் தட்டில் விழச் செய்ய மருமகளால் முடியாது, மகனால் முடியும். சிகரெட் பிடிப்பவர் வாசலில் போய்ப் பிடித்தாலும் சட்டையில், தலைமுடியில் புகை ஒட்டிக்கொண்டு வரும். புகையைச் சுவாசிக்கும் கர்ப்பிணிக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து கூடுகிறது. விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் வராது.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் வர முடியாவிட்டாலும் இரண்டு முறையாவது உள்ளே போய் உட்காருங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவர் பார்க்கும் கர்ப்பிணிகளுக்கான சிறப்பு நாள், அதற்கு முன்கூட்டியே விடுப்பு சொல்லி வைக்கலாம். அங்கே நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை நாலே நாலு எண்: ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், எடை, அடுத்த தேதி. அழுத்தம் 140/90 ஆகவோ அதற்கு மேலோ இருந்தால் 'பரவாயில்லை, நடந்து வந்த களைப்பு' என்று விட்டுவிடாமல் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தாய்சேய் நல அட்டையின் பக்கங்களை உங்கள் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பரிசோதனையில் ஒரு பகுதியாவது அவள் தனியாக மருத்துவரிடம் பேச வேண்டும். பழைய கருக்கலைப்பு, வீட்டில் நடக்கும் அடி, மனதில் உள்ள பயம் இதெல்லாம் கணவர் பக்கத்தில் இருக்கும்போது வெளியே வராது. செவிலியர் 'கொஞ்சம் வெளியே இருங்க' என்றால் முகம் சுளிக்காமல் எழுந்து போவதும் பங்கேற்புதான்.

தாய்வீட்டுக்கு அனுப்பும்போது

வேறு நாட்டுக் கையேடுகளில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுகிறாள். அவளுக்கு அம்மாவின் கை கிடைக்கிறது, ஓய்வு கிடைக்கிறது, அருமையான வழக்கம். ஆனால் ஆபத்து அதிகமான மாதங்களில் கணவர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். மருத்துவக் குறிப்புகள் ஓர் ஊரில், பிரசவம் இன்னோர் ஊரில். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. புது மருத்துவமனையில் ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்த வகை என்ன என்று கேட்டால் ஆளாளுக்கு முகத்தைப் பார்க்கிறார்கள்.

வளையலும் சீர்வரிசையும் அடுக்கும் அன்றே ஒரு பையைத் தனியாகத் தயார் செய்யுங்கள். தாய்சேய் நல அட்டை, கர்ப்பப் பதிவு எண், எல்லா ஸ்கேன், ரத்தச் சோதனைகள், ஆதார், காப்பீட்டு அட்டை, அவள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் நகல். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு, ரொக்கம் வருவது அவள் கணக்குக்கு. பதிவு எண்ணும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் தவணை நின்றுவிடும். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் அவளே போய், அல்லது நீங்களும் கூடப் போய், வந்திருக்கும் செய்தியைச் சொல்லிப் பதிய வேண்டும்.

அடுத்தது, எந்த மருத்துவமனை என்ற முடிவு. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று, சிசேரியனும் ரத்த வங்கியும் உள்ள சீமாங் மையம் ஒன்று, இரண்டையும் குறித்துவைத்து, வண்டியில் எத்தனை நிமிடம் என்று ஒரு தடவை ஓட்டியே பாருங்கள். ரத்தம் கொடுக்க இரண்டு பேரை முன்பே கேட்டு வையுங்கள். 18 வயது நிறைந்தவர், எடை 45 கிலோவுக்குக் குறையாதவர், ஹீமோகுளோபின் 12.5 உள்ளவர், கடந்த மூன்று மாதத்தில் (பெண் என்றால் நான்கு மாதத்தில்) கொடுக்காதவர். பாசம் மிகுந்து 'என் ரத்தத்தையே என் மனைவிக்கு ஏற்றுங்கள்' என்று கணவர்கள் நிற்பதுண்டு. மருத்துவர்கள் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். கணவரின் ரத்தம் ஏறினால் அவள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, பின்னாளில் உருவாகும் குழந்தையை அது தாக்கக்கூடும். உங்கள் ரத்தத்தை வங்கிக்குக் கொடுங்கள், அது வேறு ஒருவருக்குப் போகட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு வாக்கு. மாமனார் வீட்டில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இதுல ஏதாவது ஒண்ணு வந்தா எனக்கு போன் பண்ணிக் கேக்க வேண்டாம். முதல்ல 108-க்குப் பேசுங்க, அப்புறம் எனக்கு." மாப்பிள்ளையைக் கேட்காமல் எப்படி என்று பெண் வீட்டார் தயங்கிக் காத்திருந்த அரை மணி நேரத்தில் உயிர் போனதுண்டு. அந்த 'ஏதாவது ஒன்று' இவைதான், எழுதிச் சுவரில் ஒட்டலாம்:

- எந்த அளவிலும் ரத்தப்போக்கு
- விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு
- முகமும் கையும் திடீரென வீங்குவது
- பனிக்குட நீர் கசிவது
- குழந்தையின் அசைவு குறைவது அல்லது நிற்பது
- கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல்

பிரசவ அறையில்

வலி எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் அவளுக்குப் பிடித்த ஒருவர் விடாமல் இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் குறைகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து உறுதி செய்யப்பட்ட உண்மை இது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை அனுமதிப்பது பழகிப்போன ஒன்று. மத்திய அரசு 2016-இல் தந்த வழிகாட்டுதல், மற்ற பெண்களின் மறைவுக்குப் பங்கம் வராத ஏற்பாடு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்கிறது. ஒரே கூடத்தில் நாலைந்து கட்டில் போட்ட இடத்தில் உங்களை விடமாட்டார்கள், அது சரியும்கூட. முதலில் அவளிடம் கேளுங்கள். 'அம்மா வந்தாப் போதும்' என்று அவள் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது.

உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிற்றோடு நின்று மயங்கி விழுபவர்கள் உண்டு. தலைமாட்டில் நில்லுங்கள். வலி வரும்போது இடுப்பின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கையால் அழுத்திக் கொடுப்பது, வலி விட்ட நேரத்தில் ஒரு வாய் தண்ணீர், நடக்க விட்டால் கைத்தாங்கல். 'முக்கு, முக்கு' என்று நீங்கள் கத்தக் கூடாது. கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் வீக்கமும் களைப்பும்தான் மிச்சம், அதைச் சொல்லவேண்டியது செவிலியர். போனில் படம் எடுக்காதீர்கள்.

சிசேரியன் என்றால் கணவர் கையெழுத்து வேண்டும் என்று ஓடித் தேடுவார்கள். நினைவோடு இருக்கும் 18 வயது நிறைந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம். உங்களுக்காகக் காத்திருந்து தாமதிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

முதல் ஆறு வாரம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைக்கிறேன் என்று பெரியவர்கள் சர்க்கரைத் தண்ணீரோடு வருவார்கள். சர்க்கரைத் தண்ணீரோ வேறு எதுவுமோ ஆறு மாதம் வரை வேண்டாம், தேன் ஒரு வயது வரை கூடாது. பிள்ளை பெற்ற உடம்போடு படுத்திருப்பவள் அதைச் சொல்லிச் சண்டை போடவேண்டாம், நீங்கள் வெளியிலேயே தடுத்துவிடுங்கள்.

குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கங்காரு பராமரிப்பு சொல்வார்கள். தாய்க்கு மட்டும்தான் அது என்று நினைத்து அப்பாக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். உங்கள் மார்பின் சூடும் அதே வேலையைச் செய்யும். குளித்து, கை கழுவி, சட்டையைக் கழற்றுங்கள். சென்ட், பவுடர் வேண்டாம். சாய்ந்த நாற்காலியிலோ தலையணை வைத்த கட்டிலிலோ பாதி சாய்ந்து உட்காருங்கள். குழந்தைக்குக் குல்லா, காலுறை, டயபர் மட்டும். நெஞ்சோடு நெஞ்சு ஒட்ட நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடை சற்றே தூக்கியிருக்கும்படி பாருங்கள். தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் மடங்கும், இங்கேதான் தவறு நடக்கும். கால்கள் தவளைபோல மடங்கியிருக்க வேண்டும். மெத்தென்ற பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுங்கள். குழந்தையின் காதுமடலுக்குக் கீழே துணியின் மேல்விளிம்பு வரலாம், வயிற்றை இறுக்கக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும், அடிக்கடி எடுத்து வைத்தால் குழந்தைக்கு அலைச்சல். உங்களுக்குச் சளி, காய்ச்சல், தோல் நோய் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் தொடர்ந்து தூங்கும் ஒரே நேரமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சலோ நாற்றமுள்ள கசிவோ இருந்தால், உடனே மருத்துவமனை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது தவறு, பால் கொடுப்பவளுக்குத் தாகம் தீரக் குடிக்க வேண்டும்.

முதல் சில நாள் காரணமில்லாத அழுகை பல பெண்களுக்கு வரும், இரண்டு வாரத்தில் தணியும். அதற்கு மேலும் தூக்கமின்மை, எதிலும் ஒட்டாமை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற பேச்சு தொடர்ந்தால் அது நோய், மருந்தும் பேச்சும் தேவை. இல்லாத குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் அன்றே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்பாக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும் மனச்சோர்வு வருகிறது. உங்களுக்கும் அந்த எண் பொருந்தும்.

ஆண்களின் ஆபரேஷன்

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம், ஆண்கள் 0.1. நாடு முழுக்க 37.9-க்கு 0.3. இந்தக் கட்டுரையில் உள்ள எண்களிலேயே மனதை உறுத்துவது இதுதான். பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், ஆணுக்குச் செய்வது தோலோடு முடிவது. 1975–77 நெருக்கடி நிலையில் பலவந்தமாக ஆண்களைப் பிடித்துச் செய்த கொடுமை ஒரு தலைமுறையின் மனதில் பயமாகத் தங்கியது. அதன் பிறகு பாரம் முழுவதும் பெண்கள் பக்கம் போய்விட்டது.

தழும்பில்லா வாசக்டமி என்பது 1974-இல் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் உருவாக்கிய முறை. விரைப்பையின் தோலில் மரத்துப்போகும் ஊசி. கத்திக்குப் பதில் கூர்முனை கொண்ட கிடுக்கியால் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக இரு பக்க விந்துக்குழாயையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சிறு துண்டை வெட்டி, முனைகளைக் கட்டி உள்ளே விடுவார்கள். தையல் இல்லை. 10 முதல் 20 நிமிடம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் இறுக்கமான உள்ளாடை, ஓய்வு. மூட்டை தூக்குவது, சைக்கிள் ஓட்டுவது ஒரு வாரம் வேண்டாம். வீக்கம் பெரிதானாலோ காய்ச்சல் வந்தாலோ திரும்பப் போக வேண்டும்.

தோல்வி எங்கே வருகிறது என்றால், மறுநாளே பலன் வந்துவிட்டது என்று நினைப்பதில். வெட்டிய இடத்துக்கு மேலே குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்றாம் மாதம் விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தாளில் வந்த பிறகே நம்பலாம். இதைச் சொல்லாமல் விட்டதால், இடையில் கரு நின்று, மனைவியின் நடத்தையைச் சந்தேகித்துக் குடும்பங்கள் உடைவதுண்டு.

ஆண்மை குறையுமா என்பதுதான் வெளியே கேட்காத கேள்வி. ஆண்மைக்கான ஹார்மோன் விரையிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது, விந்துக்குழாய் வழியாகப் போவதில்லை. வெளியேறும் திரவத்தில் விந்தணுவின் பங்கு 5 சதவீதம் அளவுதான், மீதி வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. அளவிலோ விறைப்பிலோ இன்பத்திலோ மாற்றம் தெரியாது. ஒன்று மட்டும் நிஜம்: மறுபடி இணைக்கும் ஆபரேஷன் உண்டு என்றாலும் அது பலிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இனி குழந்தை வேண்டாம் என்று இருவரும் தீர்மானமாக இருந்தால் மட்டும் செய்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார முகாம் நடக்கிறது, மற்ற நாளிலும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

முடிவு இன்னும் தெளிவாகவில்லை, இடைவெளி மட்டும் வேண்டும் என்றால் ஆணுறை, காப்பர் டி, மூன்று மாத ஊசி என்று வழிகள் உண்டு. பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே இரண்டு வருடம் வேண்டும். காப்பர் டி போடுவதும் எடுப்பதும் அவள் உடம்பு, அவள் முடிவு. கருக்கலைப்புச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: 18 வயது நிறைந்தவளின் ஒப்புதல் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

எல்லைக்கோடு

கிழக்கு ஆப்பிரிக்காவில் கணவரோடு வரும் கர்ப்பிணிகளை முதலில் பார்ப்போம் என்று சில இடங்களில் ஏற்பாடு செய்தார்கள். தனியாக வந்த பெண்கள் கடைசிவரை காத்துக்கிடந்தார்கள், சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கணவரை இழந்தவள், விட்டுப் பிரிந்தவள், அடிக்கிற கணவனிடமிருந்து மறைந்து வருபவள், இவர்களுக்குத்தான் மருத்துவம் அதிகம் தேவை. நம் ஊரிலும் 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்புவது இதே தவறு. வன்முறை இருந்தால் 181 என்ற எண்ணில் உதவி உண்டு.

தூரத்தில் வேலை செய்பவருக்கு

வளைகுடாவிலோ திருப்பூரிலோ லாரியிலோ இருப்பவருக்கு மேலே சொன்னதில் பாதி முடியாது என்று தோன்றும். பரிசோதனை நாளில் மனைவி சம்மதித்தால் வீடியோ அழைப்பில் நாலு எண்ணையும் கேட்டுக்கொள்ளலாம். ராத்திரி மாத்திரை நேரத்தில் ஒரு அழைப்பு, பணம் முன்கூட்டியே அவள் கணக்கில், ஊரில் வண்டி உள்ள ஒரு நண்பர், இதெல்லாம் தூரத்திலிருந்தே ஆகும். ஊருக்கு வரும்போது முதலில் நம்பிக்கை மையத்தில் ஒரு ரத்தச் சோதனை.

விடுப்பு ஒரு தடவைதான் கிடைக்கும் என்றால் எப்போது எடுப்பது? பெரும்பாலோர் பிரசவத் தேதியை ஒட்டி எடுத்து, குழந்தை முகம் பார்த்து, மூன்றாம் நாள் கிளம்பிவிடுகிறார்கள். மத்திய அரசு ஊழியருக்குக் கிடைக்கும் 15 நாள் தந்தை விடுப்பைக்கூட பிரசவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்க விதி இடம் தருகிறது. தாய்வீட்டில் கவனிக்க ஆள் இருந்தால், ஆறாவது வாரத்தைச் சேர்த்து எடுங்கள் என்போம். அந்த வாரம் மூன்று வேலை ஒரே நாளில் வருகிறது. குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி, அவளுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனை, கருத்தடை பற்றி இருவரும் மருத்துவர் எதிரில் உட்கார்ந்து பேசுவது. தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம், தூங்காமல் அழலாம். மருத்துவர் எடைக்கு ஏற்ப எழுதிக்கொடுத்த பாராசிட்டமால் சொட்டு மருந்தை அளந்து கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு நடக்க அன்றைக்கு ஓர் ஆள் வேண்டும்.